படம் வெளியாகும் தேதி

அன்புள்ள சார்,

என் மகனுக்குப் பத்து வயது. தெரிந்தவர் ஒருவர் நின்டெண்டோ டிஎஸ் என்ற பழைய கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்றைக் கொடுத்தார். கூடவே ஜேம்ஸ் பாண்ட் படத்தை வைத்துச் செய்த ‘குவாண்டம் ஆஃப் சொலஸ்’ விளையாட்டு உள்ள கார்ட்ரிட்ஜும் வந்தது. இரண்டே நாளில் முடித்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிட்டான். நானும் கொஞ்சம் ஆடிப் பார்த்தேன். படத்தின் வேகத்தில் கால்வாசிகூட இல்லை. படத்தின் பெயரைச் சொல்லிக் காசு பார்க்கிற சரக்கு என்றுதான் தோன்றியது. நீங்களோ படத்தை ஒட்டி வரும் இத்தகைய விளையாட்டுகளை மதித்து எழுதுகிறீர்கள். நிஜமாகவே இவற்றில் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் எதில் தொடங்கலாம்? சின்னப் பையனுக்குத் துப்பாக்கி விளையாட்டு கொடுக்கலாமா என்ற தயக்கமும் உண்டு.

ர., திருச்சி

அன்புள்ள ர.,

“நானும் கொஞ்சம் ஆடிப் பார்த்தேன்” என்ற வரியைப் படித்ததுமே உங்கள் மேல் பிரியம் வந்துவிட்டது. பிள்ளை கையிலிருந்து பிடுங்கிப் பீரோவில் வைக்கிற அப்பாக்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். துப்பாக்கி விஷயத்தில் நான் சொல்ல ஒன்றுமில்லை. இத்தகைய விளையாட்டுகளின் உறையில் வயது வரம்பு அச்சிட்டிருப்பார்கள். பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஆனால் “படத்தின் வேகம் இல்லை” என்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. உள்ளங்கையில் அடங்குகிற கருவியில் படத்தின் வேகத்தை ஏன் தேடுகிறீர்கள்? படத்தில் ஓடுவது பாண்ட், நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒற்றனுடைய வேலையில் முக்கால்வாசி காத்திருப்பதும் ஒளிவதும் கேட்பதும்தான். அதைப் படம் இரண்டு நொடியில் வெட்டிவிட்டுப் போய்விடும். விளையாட்டு வெட்ட முடியாது, நீங்களே நின்று காத்திருக்க வேண்டும். அந்தத் தவிப்பை உங்களுக்குக் கொடுத்ததா இல்லையா என்று கேட்டிருக்க வேண்டும். வேகத்தைக் கேட்டது தப்பு.

உங்கள் மகன் தூக்கிப் போட்ட அதே கார்ட்ரிட்ஜை எடுத்துக்கொள்ளுங்கள். 2008இல் விகேரியஸ் விஷன்ஸ் என்ற நிறுவனம் செய்தது. டிஎஸ்ஸைப் பக்கவாட்டில் திருப்பிப் புத்தகம் மாதிரி பிடித்துக்கொண்டு, நடப்பதையும் அடிப்பதையும் சுடுவதையும் ஸ்டைலஸிலேயே செய்ய வேண்டும். இரண்டு திரையும் ஒரு குச்சியும் உள்ள கருவிக்கு எது பொருந்தும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். டிரேயார்க் நிறுவனம் டிவியில் மாட்டி ஆடும் பெரிய கன்சோல்களுக்குச் செய்ததைச் சுருக்கி உள்ளே திணிக்கவில்லை. யோசனை நல்லது, செதுக்கல் போதவில்லை. ஏன் போதவில்லை? படம் திரைக்கு வருகிற அதே வாரங்களில் அதுவும் கடைக்கு வந்தாக வேண்டும், அதனால்தான் என்பேன்.

பல வருடமாக நான் சொல்லிவருவது இதைத்தான். படத்தை ஒட்டி வந்த விளையாட்டுகளைக் கெடுத்தது சோம்பேறித்தனம் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். கெடுத்தது காலண்டர். திரைக்கதை படப்பிடிப்பில் மாறிக்கொண்டே இருக்கும். விளையாட்டு செய்கிறவர்கள் கையில் இருப்பது பழைய பிரதியும் சில புகைப்படங்களும்தான். கார்ட்ரிட்ஜ் என்றால் நெருக்கடி இன்னும் மோசம். நிரலைத் தொழிற்சாலைக்கு அனுப்பிச் சில்லில் பதித்துப் பெட்டியில் அடைத்துக் கப்பலேற்ற வேண்டும், ஆகவே கெடு படத்துக்கு வெகு முன்பே முடிந்துவிடும். இப்போதுபோல வெளியிட்ட பிறகு இணையத்தில் திருத்தம் அனுப்ப வழியே கிடையாது. 1982இல் அட்டாரி நிறுவனத்துக்காக ‘ஈ.டி.’ படத்தின் விளையாட்டைச் செய்ய ஹோவர்ட் ஸ்காட் வார்ஷாவுக்குக் கிடைத்தது ஏறத்தாழ ஐந்து வாரம். கிறிஸ்துமஸுக்குக் கடையில் இருக்க வேண்டுமாம். விற்காத பெட்டிகளை நியூ மெக்சிகோவில் புதைத்தார்கள், 2014இல் தோண்டியும் எடுத்தார்கள். அந்த மனிதரைத்தான் இன்றுவரை கேலி செய்கிறார்கள். தேதி குறித்தவர்களை யாரும் கேட்பதில்லை.

நேர்மாறாக ‘கோல்டன்ஐ’ என்ற இன்னொரு பாண்ட் படம். அது வந்தது 1995 நவம்பரில். அதை வைத்து ரேர் நிறுவனம் செய்த விளையாட்டு வந்தது 1997 ஆகஸ்டில். மார்ட்டின் ஹோலிஸின் குழுவில் பெரும்பாலோருக்கு அதுதான் முதல் விளையாட்டு. படத்தை எல்லாரும் மறக்கத் தொடங்கிய பிறகுதான் முடித்தார்கள். எண்பது லட்சத்துக்கும் மேல் விற்றது. இரண்டாவது கட்டத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். கழிப்பறைக்கு மேலே காற்றுக்குழாயில் குனிந்து கிடக்கிறோம். கீழே தடுப்புக்குள் ஒரு காவலாளி. படத்தில் அது சட்டென்று முடிகிற ஒரு சிரிப்பு. விளையாட்டிலோ குழாயின் விளிம்பில் நின்று, இப்போது இறங்கலாமா, சத்தம் கேட்டு வேறு யாராவது வந்துவிடுவார்களா என்று நீங்களே யோசிக்கிறீர்கள். அதைச் செய்ய அவகாசம் வேண்டும், அவர்களுக்குக் கிடைத்தது.

அது டிவியில் மாட்டி ஆடுவது, கையில் வைத்து ஆடுவதைப் பற்றித்தானே கேட்டேன் என்பீர்கள். சொல்கிறேன். மதுரையில் அத்தை வீட்டில் சிங்கப்பூரிலிருந்து வந்த கேம்பாய் ஒன்று இருந்தது, டிஎஸ்ஸுக்கு முந்தைய நின்டெண்டோ கையடக்கக் கருவி. திரைக்குள் வெளிச்சம் கிடையாது. சாயங்காலம் ஆக ஆக நானும் அத்தை மகனும் ஜன்னலை நோக்கி நகர்ந்துகொண்டே போவோம். நாலு சாயல், 160க்கு 144 பிக்சல், இரண்டு பொத்தான், அவ்வளவுதான் இயந்திரம். 1998இல் சாஃபயர் நிறுவனம் அதற்காக ஒரு ஜேம்ஸ் பாண்ட் செய்தது. எந்தப் படத்தின் கதையும் இல்லை. ஜாஸ், ஆட்ஜாப் மாதிரி பழைய வில்லன்களை மட்டும் கடன் வாங்கிக்கொண்டு புதிதாக ஒரு கதை. எந்தப் படத்தின் தேதிக்கும் அது ஓட வேண்டியிருக்கவில்லை. பையில் எத்தனை பொருள் இருந்தாலும் ‘ஏ’ பொத்தானுக்கு ஒன்று, ‘பி’ பொத்தானுக்கு ஒன்று. துப்பாக்கியும் மருந்தும் வைத்துக்கொண்டால் தடுக்கக் கை இருக்காது. கதவைத் திறப்பதற்கு முன்னால் எதை விடுவது என்று அத்தை மகனோடு சண்டையே போட்டிருக்கிறேன். அந்தச் சண்டையில் ஒற்றனின் தவிப்பு முழுசாக இருந்தது.

அதனால் அதிலிருந்தே தொடங்குங்கள். உங்களிடம் இருப்பது முதல் டிஎஸ்ஸானாலும் லைட் மாடலானாலும் கேம்பாய் கார்ட்ரிட்ஜ் அதில் ஏறாது, பழைய கேம்பாய் ஒன்று தேட வேண்டியிருக்கும். கிடைக்கும்வரை அந்த ‘குவாண்டம்’ கார்ட்ரிட்ஜை மகனிடம் மறுபடி கொடுங்கள். இரண்டு நாளில் முடித்தது பெரிதல்ல. ஒரு காவலாளிகூடப் பார்க்காமல் எந்த அறையையாவது கடந்தானா என்று கேளுங்கள். இல்லை என்றால், பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் முயன்று பாருங்கள்.