அடியில் சீனி மாதிரி உறைந்த தேன் கலப்படமா? எப்படி இளக்குவது?

மகா ஓயாப் பக்கம் வாங்கிய காட்டுத்தேன், மட்டக்களப்பு வீட்டில் பிரிட்ஜில் வைத்து ஒரு மாதத்தில் அடியில் சீனியாகிவிட்டது, ஏமாந்துவிட்டேனா என்று கேட்டிருக்கிறீர்கள். உறைந்ததை மட்டும் வைத்து அப்படி முடிவெடுக்காதீர்கள். போத்தலைத் தயவுசெய்து கொட்டிவிடவும் வேண்டாம்.

தேனில் பிரக்டோஸ் ஏறக்குறைய 38%, குளுக்கோஸ் 31%. தண்ணீர் 17 முதல் 20% தான். நம் பக்கத்துத் தேனில் இன்னும் கூடவும் இருக்கும். இத்தனை சர்க்கரையை அந்தக் கொஞ்சத் தண்ணீரால் கரைத்தே வைத்திருக்க முடியாது. பிரக்டோஸ் நன்றாகக் கரையும். குளுக்கோஸ்தான் பிரிந்து படிகமாகும். மகரந்தத் தூளும் மெழுகுத் துணுக்கும் அதற்கு வித்து. அதனால் பிழிந்து எடுத்த காட்டுத்தேன் உறைவதில் அதிசயமே இல்லை.

உங்கள் தேனை உறைய வைத்தது பிரிட்ஜ்தான். 10 முதல் 15 பாகை செல்சியஸுக்குள் படிகம் மிக வேகமாக வளரும். பிரிட்ஜ் அதைவிடக் குளிர்தான், ஆனால் போத்தலை எடுத்து எடுத்து வைக்கும்போதெல்லாம் தேன் அந்தச் சூட்டைக் கடந்து போய் வருகிறது. நம் ஊர்க் குசினித் தட்டில் வைத்திருந்தால் நெடுநாள் இளகியே இருந்திருக்கும்.

சந்தேகமாக இருந்தால் அடியில் உள்ளதைக் கொஞ்சம் எடுத்து இரு விரலால் தேயுங்கள். தேன் படிகம் பெரும்பாலும் நெய் மாதிரி இழைந்து கரையும். கற்கண்டு நொறுங்கலைப்போல் கட்டியாக நெருடினால் சீனிப்பாகு கலந்திருக்கலாம். இதுவும் ஒரு குறிப்புத்தான், ஆய்வுகூட முடிவல்ல.

இளக்குவதற்கு, ஒரு சட்டியின் அடியில் துணி விரித்துப் போத்தலை நிறுத்தி, மூடியைத் தளர்த்தி, தேன் மட்டத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள். 40 முதல் 45 பாகை போதும். தண்ணீருக்குள் கையை வைத்திருக்க முடியவில்லை என்றால் சூடு கூடிவிட்டது. அடுப்பு எரியக்கூடாது, ஆறினால் தண்ணீரை மாற்றுங்கள். 750 மில்லிப் போத்தலுக்கு இரண்டு மணி நேரமாவது பிடிக்கும். இடையிடையே காய்ந்த கரண்டியால் கிளறுங்கள். கொதிக்க வைத்தால் சட்டென்று இளகும்தான், ஆனால் பூவாசம் போய்விடும், நிறம் கறுக்கும், நொதியங்கள் அழியும். இன்னொன்று, ஒரு சிட்டிகைப் படிகம் மிஞ்சினாலும் அதுவே வித்தாகி மறுபடி உறைய வைக்கும். முழுதாகக் கரைந்தபின் மெல்லிய துணியில் வடியுங்கள்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது அடியில் உறைந்ததைப் பற்றியல்ல, மேலே நிற்கும் நீர்த்த தேனைப் பற்றித்தான். குளுக்கோஸ் படிகமாகும்போது தன்னோடு கொஞ்சத் தண்ணீரைத்தான் எடுத்துக்கொள்ளும். மிச்சமெல்லாம் மேலே தங்கிவிடும். அந்த இடத்தில் தண்ணீர் 20% தாண்டினால் தேனிலேயே இருக்கும் ஈஸ்ட் புளிக்க வைக்கும். மூடியைத் திறக்கும்போது "புஸ்" என்று காற்று வருகிறதா, நுரை நிற்கிறதா, கள் வாசம் அடிக்கிறதா என்று பாருங்கள். புளித்துவிட்டால் சூடாக்கியும் பழைய சுவை வராது. இன்னும் புளிக்கவில்லை என்றால் இன்றே இளக்கி, மேலும் கீழும் ஒன்றாகும்படி கலந்து, காய்ந்த கண்ணாடிப் போத்தலில் இறுக மூடி, வெயில் படாத தட்டில் வையுங்கள். ஈரக் கரண்டி மட்டும் உள்ளே போகவே கூடாது.