காத்தாடி யாருடையது?

அன்புள்ள ஐயா,

எனக்குக் கோவில்பட்டி. கயத்தாறு பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். ஐரோப்பாவின் பசுமை மின்சாரக் கொள்கைகள் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிக்கிறேன். எனக்கு ஒரு குழப்பம். ஜெர்மனியிலும் நார்வேயிலும் காற்றாலை வேண்டாம் என்று ஊர்மக்களே எதிர்ப்பதாகச் செய்தி வருகிறது. நார்வே போராட்டத்தில் கிரெட்டா துன்பெர்க்கைப் போலீஸ் தூக்கிக்கொண்டு போன படத்தையும் பார்த்தேன். பருவநிலைக்காகப் போராடுகிறவரே காற்றாலைக்கு எதிராக உட்கார்ந்தால் நாங்கள் எதை நம்புவது? கரண்ட் வேண்டும், ஆனால் காத்தாடி அடுத்தவன் ஊரில் நிற்க வேண்டும், இதுதான் அவர்கள் எண்ணமா? இதை ஆராய்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள்?

எஸ்., கோவில்பட்டி

அன்புள்ள எஸ்.,

‘அடுத்தவன் ஊரில் நிற்கட்டும்’ என்பதற்கு அங்கே ஒரு பெயரே உண்டு: நிம்பி. ‘என் கொல்லையில் வேண்டாம்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம். எங்காவது எதிர்ப்பு கிளம்பினால் நிறுவனமும் அமைச்சரும் முதலில் எடுத்து வீசுவது இந்தச் சொல்லைத்தான். ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த மார்ட்டன் வோல்சிங்க் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் இதன் பின்னால் போனார். எதிர்ப்பவர்களின் சுயநலத்தை வைத்து விளக்கக்கூடியது மிகக் குறைவு, முடிவு எடுத்த விதம் நியாயமாக இருந்ததா என்பதும் அந்த நிலப்பரப்போடு மக்களுக்கு உள்ள உறவும்தான் பெரிய காரணங்கள் என்று அவர் திரும்பத் திரும்பக் காட்டினார். 2007இல் வூஸ்டன்ஹாகன், பியூரர் என்ற இருவரோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் எல்லோரும் தொட்டுச் செல்லும் ஒன்று. ஒரு நாடு பொதுவாகக் காற்றாலையை விரும்புவது வேறு, சந்தை அதை ஏற்பது வேறு, அது வந்து நிற்கப்போகும் ஊர் ஏற்பது வேறு என்று அந்தக் கட்டுரை பிரித்துக் காட்டியது. நாடு முழுவதும் கருத்துக் கேட்டால் ஆதரவு குவியும். அதே நாட்டின் ஒரு கிராமத்தில் கொதிப்பு இருக்கும். இரண்டும் உண்மை.

சரி, ஊர் எப்போது ஏற்கிறது? நீங்கள் இயந்திரத்தைத் தொட்டு வேலை பார்த்தவர் என்பதால் டென்மார்க் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1973 எண்ணெய் நெருக்கடி வந்தபோது டென்மார்க் தன் ஆற்றல் தேவையில் 90 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி எண்ணெயை நம்பியிருந்தது. அரசு அணு உலை பற்றிப் பேசியது. மக்கள் அதை எதிர்த்தார்கள். 1985இல் நாடாளுமன்றம் அணுமின் திட்டத்தையே கைவிட்டது. இதற்கிடையில் உழவர்களும் கொல்லர்களும் பள்ளி ஆசிரியர்களும் ஊர் ஊராகக் கூடிச் சிறு காற்றாலைகளை நிறுவத் தொடங்கியிருந்தார்கள். அண்டை வீட்டார் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் வைப்பார்கள், ஒரு காத்தாடி வாங்குவார்கள். ஒரு பங்கு என்பது அந்தக் காத்தாடி ஆண்டுக்கு உற்பத்தி செய்யும் ஆயிரம் யூனிட். நம் வீட்டு இ.பி. அட்டையில் வருகிற அதே யூனிட்தான். எவ்வளவு பணம் போட்டோம் என்பதை விட எத்தனை யூனிட் நம்முடையது என்று கணக்குப் பார்க்கும் முறை. அந்தப் பகுதியில் வசிப்பவர்தான் பங்கு வாங்கலாம், அதுவும் அவர் வீட்டு மின்சாரச் செலவை ஒட்டிய அளவுக்குத்தான். பணக்காரர் ஒருவர் மொத்தத்தையும் வளைத்துப்போட வழியில்லாமல் சட்டமே வேலி போட்டிருந்தது. அந்த நூற்றாண்டு முடியும்போது லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் இப்படிப் பங்கு இருந்தது. டென்மார்க்கின் மக்கள்தொகை அப்போது ஐம்பத்து மூன்று லட்சம்தான்.

இந்த மரபின் உச்சம் மிடில்குருண்டன். கோபன்ஹேகன் துறைமுகத்திலிருந்து மூன்றரைக் கிலோமீட்டர் தள்ளிக் கடலில் ஒரு மேடு. இருநூறு ஆண்டுகளாகத் துறைமுகத்துச் சேற்றையும் நகரக் கழிவையும் கொட்டிவந்த இடம். அங்கே 27 காற்றாலைகளை மூன்று வரிசையாக நிறுத்துவதுதான் முதல் திட்டம். பொதுக் கருத்துக் கேட்பில் மக்கள் ஒத்துக்கொள்ளவில்லை. தலைநகரின் கடற்கரையிலிருந்து பார்த்தால் கண்ணை உறுத்தும் என்றார்கள். உடனே அவர்களை நிம்பி என்று திட்டிவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் செய்யாமல் திட்டத்தையே மாற்றினார்கள். 27 என்பது 20 ஆயிற்று. மூன்று வரிசை, மெல்ல வளையும் ஒரே கோடாயிற்று. சத்தம் கேட்குமே என்று கவலைப்பட்டவர்களைக் கூட்டிக்கொண்டு போய், ஓடுகிற காற்றாலை ஒன்றின் அடியிலேயே நிறுத்திக் கேட்கச் சொன்னார்கள். 2000ஆம் ஆண்டின் முடிவில் இருபது காற்றாலைகளும் எழுந்து நின்றன, மொத்தம் 40 மெகாவாட். பாதி நகர மின்வாரியத்துடையது. மறு பாதி 8,500க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கொண்ட கூட்டுறவுச் சங்கத்துடையது. மிடில்குருண்டன் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. கடலில் தெரியும் அந்த வளைவு பொறியாளர் மட்டும் வரைந்து கொடுத்ததல்ல, ஊரும் பேசிப் பேசி வளைத்தது.

ஆனால் டென்மார்க்கும் பின்னால் வழுக்கியது. பங்கு வாங்குவதற்கான கட்டுப்பாடுகள் தளர்ந்தன, காற்றாலைகள் பெரிதாயின, வெளியூர் முதலீடு வந்தது, எதிர்ப்பும் கூடவே வந்தது. 2009இலிருந்து ஒரு சட்டம்: புதிய காற்றாலை அமைப்பவர் அதில் 20 சதவீதப் பங்குகளையாவது சுற்றுவட்டாரத்து மக்களுக்கு விற்க முன்வர வேண்டும். பழைய முறையை மீட்டுவிட்டோம் என்று நினைத்தார்கள். அங்கே கிராமங்களுக்குப் போய் விசாரித்த ஆய்வாளர்களுக்குக் கிடைத்த பதில் முகத்தில் அடித்தாற்போல இருந்தது. பலர் அதை லஞ்சம் என்றார்கள். எங்கே நிற்க வேண்டும், எத்தனை நிற்க வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்துவிட்டு வந்து, பங்கு தருகிறேன் வாயை மூடு என்பதுபோல இருந்தது அவர்களுக்கு. 2020இல் அந்த முறையை எடுத்துவிட்டு, அருகில் வசிப்பவர்களுக்கு ஆண்டுதோறும் பணம், மிக அருகில் இருப்பவர் விரும்பினால் வீட்டை நிறுவனமே வாங்கிக்கொள்ள வேண்டும் என்று மாற்றினார்கள். இந்த ஆய்வுகளில் நான் முக்கியமென்று நினைப்பது இதைத்தான். பங்கு அதே பங்குதான். முதல் கூட்டத்துக்கு முன்பே உங்கள் கைக்கு வந்தால் அது உடைமை, எல்லாம் முடிந்த பிறகு வந்தால் கைக்கூலி.

ஜெர்மனியில் இதன் இன்னொரு முகம். 2000ஆம் ஆண்டின் சட்டம் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு இருபது ஆண்டுகளுக்கு நிலையான விலை தந்தது. அதை நம்பி உழவரும் ஆசிரியரும் கடன் வாங்கிச் சூரியப் பலகையும் காத்தாடியும் வைத்தார்கள். 2012இல் அந்நாட்டின் புதுப்பிக்கத்தக்க மின் நிலையங்களில் ஏறக்குறைய பாதி பொதுமக்கள் கையிலும் உழவர்கள் கையிலும் இருந்தது. 2017இல் காற்றாலைகளுக்கு, குறைந்த விலை கேட்பவருக்கே வாய்ப்பு என்ற ஏலமுறை வந்தது. மக்கள் சங்கங்கள் ஏலத்தில் தாக்குப்பிடிக்காதே என்று அவர்களுக்குச் சலுகை வைத்தார்கள்: அனுமதி கைக்கு வருமுன்பே ஏலம் கேட்கலாம், கட்டி முடிக்கக் கூடுதல் காலம் உண்டு. முதல் சுற்றிலேயே 90 சதவீதத்துக்கும் மேல் ‘மக்கள் சங்கங்கள்’ தட்டிச் சென்றன. கிளறிப் பார்த்தால் பலவற்றின் பின்னால் பெரிய நிறுவனங்கள் இருந்தன. எடுத்ததில் பெரும்பகுதியைக் கட்டவும் இல்லை. அடுத்த ஆண்டே சலுகையை நிறுத்த வேண்டியதாயிற்று. பெயர்ப்பலகையை மட்டும் மாட்டிவிட்டால் மக்கள் உடைமை ஆகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் வாசித்ததில்லை.

இனி நார்வே. நீங்கள் பார்த்த படம் 2023 மார்ச் தொடக்கத்தில் ஓஸ்லோவில் எடுத்தது. அந்தப் போராட்டம் நடந்தது ஃபோசன் தீபகற்பத்துக்காக. ஸ்டுர்ஹெய்யா, ருவான் என்ற இரண்டு இடங்களில் 151 காற்றாலைகள். அங்கே தலைமுறை தலைமுறையாக ரெயின்டீர் மான்களை மேய்ப்பவர்கள் சாமி பழங்குடியினர். குளிர்காலத்தில் மானுக்குத் தீனி பனிக்கடியில் கிடக்கும் லைக்கன், பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் ஓர் உயிர். காற்று பனியை வாரிக்கொண்டு போகும் மேடுகளில்தான் மானால் பனியைக் கிளறி அதை எட்ட முடியும். நிறுவனமும் அதே காற்றுக்காகத்தான் அதே மேட்டுக்கு வந்தது. காற்றாலை சுற்றும் இடத்தை மான் ஒதுக்கிவிடும். மந்தையை வேறெங்கோ ஓட்டிக்கொண்டு போகலாம் என்றால் அவர்களுக்கு அதற்கு ஈடான வேறு குளிர்கால மேய்ச்சல் கிடையாது.

மேய்ப்பர்கள் தொடக்கத்திலிருந்தே எதிர்த்தார்கள், வழக்குப் போட்டார்கள். வழக்கு நடக்கும்போதே காற்றாலைகளைக் கட்டி ஓடவும் விட்டுவிட்டார்கள். 2021 அக்டோபர் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் பதினோரு நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்: உரிமம் செல்லாது, சிறுபான்மையினர் தம் பண்பாட்டைப் பேணும் உரிமையை அது மீறுகிறது. தீர்ப்பு வந்தது. காற்றாலைகள் சுற்றிக்கொண்டே இருந்தன. ஐநூறு நாள் கழித்து, 2023 பிப்ரவரி 23 அன்று, இளைஞர்கள் எரிசக்தி அமைச்சகத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். காக்தி என்னும் தம் மரபுச் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டிருந்தார்கள். சாமி மக்களிடம் அது எதிர்ப்பின் அடையாளம். கிரெட்டா சில நாள் கழித்து வந்து அவர்களோடு சேர்ந்துகொண்டவர்.

ஆகவே எஸ்., அவர் உட்கார்ந்தது காற்றாலைக்கு எதிராக அல்ல. நாட்டின் உச்ச நீதிமன்றம் சொன்னதை அரசு செய்யவில்லை என்பதற்காக. பிரதமர் பின்பு மன்னிப்புக் கேட்டார். 2023 டிசம்பரிலும் 2024 மார்ச்சிலும் இரு மேய்ப்பர் குழுக்களோடும் தனித்தனியே உடன்பாடு ஏற்பட்டது. காற்றாலைகள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. வேறு வழியில்லாமல் போன பிறகு போட்ட கையெழுத்தைச் சமரசம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதை இப்போது சொல்வதற்குக் காரணம் உண்டு. 2024இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சூரிய மின்சாரம் முதன்முறையாக நிலக்கரி மின்சாரத்தை முந்தியது. மகிழ்ச்சியான செய்தி, எனக்கும்தான். 2023இல் திருத்திய ஒன்றியச் சட்டம் 2030க்குள் மொத்த ஆற்றல் பயன்பாட்டில் 42.5 சதவீதம் புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது. அதற்காக ஒவ்வொரு நாடும் ‘துரித மண்டலங்களை’ வகுக்க வேண்டும். நிலத்தில் அமையும் திட்டங்களுக்கு அந்த மண்டலங்களில் ஓராண்டுக்குள் அனுமதி, திட்டவாரியான சூழல் மதிப்பீட்டிலிருந்து பெரும்பாலும் விலக்கு. ரஷ்யா எரிவாயுவைப் பெருமளவு குறைத்த பிறகு பிறந்த அவசரம், புரிகிறது. அனுமதிக்காக ஒரு காற்றாலை ஆறேழு ஆண்டு காத்துக்கிடப்பதை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் மண்டலத்தின் வரைபடத்தில் கோடு போடும் நாளிலேயே ஊரைக் கூட்டி உட்கார வைக்காவிட்டால், பிறகு பேசுவதற்கு நேரமே இருக்காது. நேரம் குறைந்துவிட்டதே என்பதுதான் இன்று அங்கே ஆய்வாளர்கள் பலரின் கவலை. அவர்கள் பக்கம்தான் நான்.

நீங்கள் வேலை பார்த்த பகுதியைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். கயத்தாறிலும் முப்பந்தலிலும் தொடக்க காலத்தில் வந்த காற்றாலைகளில் சில டென்மார்க் அரசின் உதவியோடு வந்தவை. இயந்திரம் கப்பலேறி வந்தது, ஆயிரம் யூனிட் பங்குமுறை வரவில்லை. நீங்கள் ஏறி இறங்கிய காத்தாடிகள் நின்ற நிலம் முன்பு யாருடையது, விற்றவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள், ஆடிக் காற்றில் அவை முழு வேகத்தில் ஓடும்போது அடியில் ஆடு மேய்ப்பவர்கள் உங்களிடம் என்ன பேசுவார்கள்? பதினோரு வருடம் பார்த்ததை எழுதி அனுப்புங்கள். இங்கேயே வெளியிடுகிறேன்.