பலாடின் ஆட ஆசை: எந்த எண்ணை எங்கே வைப்பது?

கேள்வி இது: "பகடை உருட்டி, கேரக்டராக நடித்து ஆடும் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் முதல் கேரக்டர் போடுகிறேன். கையில் 15, 14, 13, 12, 10, 8 இருக்கின்றன. மந்திரமும் தெரிந்த புனித வீரரான பலாடின் மேல் ஆசை. கிளாஸுக்கும் எபிலிட்டி ஸ்கோருக்கும் அப்படி என்ன சம்பந்தம்? பிடித்த மாதிரி வைத்தால் ஆகாதா?"

கிளாஸ் என்றால் கேரக்டரின் தொழில். எபிலிட்டி ஸ்கோர் என்றால் ஸ்ட்ரெங்த் (வலிமை), டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு), கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி), இண்டெலிஜென்ஸ் (புத்தி), விஸ்டம் (விவேகம்), கரிஸ்மா (ஆளுமைக் கவர்ச்சி) என்ற ஆறு திறன்களுக்கான எண். பிடித்த மாதிரி வைத்துப் பார்த்தவன் நான். என் முதல் கேரக்டர் ஒரு விஸார்ட், அதாவது மந்திரவாதி. ஞாபகமறதிக்காரக் கிழவர், ஆனால் கைத்தடியைச் சுழற்றினால் எதிரில் ஒருவரும் நிற்க முடியாது என்று மனதுக்குள் ஒரு படம். அதனால் 15-ஐ ஸ்ட்ரெங்த்தில் போட்டேன், 8-ஐ இண்டெலிஜென்ஸில் தள்ளினேன். கேம் நடத்தியவர் தாளைப் பார்த்துவிட்டு "நிச்சயமாகவா?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். தலையாட்டினேன்.

முதல் சண்டையில் ஒரு கோப்ளின், குட்டிப் பூதம் மாதிரி. அதன் ஆர்மர் கிளாஸ், அதாவது அடி படத் தொட வேண்டிய எண், 15. ஃபயர் போல்ட் என்ற நெருப்பு மந்திரத்தை வீசினேன். இருபது முகப் பகடையில் விழுவதோடு பயிற்சிக்காக 2 கூடும், என் மந்த புத்திக்காக 1 குறையும். ஆக 14 அல்லது அதற்கு மேல் விழுந்தால்தான் படும், அதாவது 35 சதவீதம். அதே விஸார்டுக்கு இண்டெலிஜென்ஸ் 16 இருந்திருந்தால் 10 போதும், 55 சதவீதம். இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய அடி வேறு இடத்தில். ஐந்தாம் பதிப்பின் 2014 விதிப்படி விஸார்ட் ஒரு நாளைக்குத் தயார் செய்யும் மந்திரங்களின் எண்ணிக்கை, லெவலும் இண்டெலிஜென்ஸ் மாடிஃபையரும் (அந்த எண்ணால் பகடையில் கூடுவது அல்லது குறைவது) சேர்ந்தது. லெவல் ஒன்றில் ஒன்று போனால் பூஜ்யம். பாவம் பார்த்து விதியே குறைந்தது ஒன்று என்று கொடுக்கிறது. புத்தகத்தில் ஆறு மந்திரம், கையில் ஒன்று! கடைசியில் மேஜிக் மிஸைலை மட்டும் வைத்து ஓட்டினேன், அது படுமா என்று பார்க்கப் பகடையே உருட்ட வேண்டாம்.

சம்பந்தம் இவ்வளவுதான். இண்டெலிஜென்ஸ், விஸ்டம் என்ற பெயர்களைப் பார்த்துக் குணச்சித்திரம் எழுதத் தோன்றும். ஆனால் அந்த கிளாஸ் ஒவ்வொரு சுற்றிலும் எந்த எண்ணைத் தொட்டுப் பகடை உருட்டுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மறதிக்கார விஸார்டை 16 இண்டெலிஜென்ஸ் வைத்தும் தாராளமாக நடிக்கலாம். மறதிக்குப் பகடை தேவையில்லை.

பழைய விதிகளில் கதை தலைகீழ். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட முதல் பதிப்பில் மூன்று கிளாஸ்தான். ஒவ்வொரு எண்ணுக்கும் ஆறு முகப் பகடை மூன்றை உருட்டி, விழுந்ததைப் பார்த்த பிறகு கிளாஸைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த கிளாஸின் முக்கிய எண் 15-ஐத் தொட்டால் அனுபவப் புள்ளி பத்து சதவீதம் கூடும். பலாடின் கதைதான் கொடுமை. 1978-இல் வந்த அட்வான்ஸ்டு விதிநூலில் பலாடின் ஆக கரிஸ்மா மட்டுமே 17 வேண்டும். மூன்று பகடையில் 17 அல்லது 18 விழ 216-க்கு 4 வாய்ப்பு. ஸ்ட்ரெங்த் 12, விஸ்டம் 13 என்று மற்ற நிபந்தனைகள் தனி. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு இந்தத் தடைகளைத் தூக்கிவிட்டது. நல்ல காரியம் என்பேன், பழைய ஆட்டக்காரர்கள் சண்டைக்கு வந்தாலும். இன்று பலாடின் ஆக உங்களை யாரும் தடுக்கப் போவதில்லை. மல்டிகிளாஸ் போனால்தான், அதாவது ஒரே கேரக்டருக்கு இன்னொரு கிளாஸையும் சேர்த்தால்தான், ஸ்ட்ரெங்த், கரிஸ்மா இரண்டிலும் 13 கேட்பார்கள்.

சரி, உங்கள் எண்களுக்கு வருவோம். பலாடின் இரண்டு எண்ணை நம்பிப் பிழைக்கும் கிளாஸ். வாள் வீச்சுக்கு ஸ்ட்ரெங்த், அதில் 15. மந்திரங்களுக்கு கரிஸ்மா, அதில் 14. ஆறாம் லெவலில் பக்கத்தில் நிற்கும் தோழர்களின் சேவிங் த்ரோவிலும் (ஆபத்திலிருந்து தப்ப உருட்டும் பகடை) உங்கள் கரிஸ்மா மாடிஃபையர் சேரும். அப்போது கூட ஆடுபவர்கள் உங்களை விட்டு நகரவே மாட்டார்கள். 13 கான்ஸ்டிடியூஷனுக்கு. முன்வரிசையில் நின்று அடி வாங்கிக்கொண்டே மந்திரத்தைப் பிடித்து வைத்திருக்க அதுதான் உதவும்.

ஒரு நுணுக்கம்: 14, 15 இரண்டுக்குமே மாடிஃபையர் 2தான். 13-க்கும் 12-க்கும் அப்படியே 1. ஆகவே 2014 விதிப்படி கேரக்டரின் இனத்தால் கிடைக்கும் கூடுதல் புள்ளியை ஒற்றைப்படை எண்ணில் சேருங்கள். 15 பதினாறானால் 3 கிடைக்கும், 14 பதினைந்தானால் ஒன்றும் மாறாது.

மிச்சத்தில் 12 விஸ்டத்துக்கு. 10 டெக்ஸ்டெரிட்டிக்கு. செயின் மெயில் என்ற சங்கிலிக் கவசம் போட்டால் ஆர்மர் கிளாஸ் 16, அதற்கு டெக்ஸ்டெரிட்டி தேவையே இல்லை. ஆனாலும் அங்கே 8 வைக்காதீர்கள், ஃபயர்பால் வரும்போது குனியவாவது தெரிய வேண்டும். 8 இண்டெலிஜென்ஸுக்குப் போகட்டும். என் விஸார்டிடம் இருந்த அதே 8தான், உங்கள் பலாடினை அது ஒன்றும் செய்யாது.