வளர்ந்த பிறகு குழந்தை மனம் திரும்புமா?

வளர்ந்தபின் குழந்தைப் பருவத்துக் கற்பனையும் விளையாட்டு மனமும் திரும்ப வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவை அழிவதில்லை, எதைத் தொட்டாலும் இதனால் என்ன பயன் என்று கேட்கும் பழக்கத்தின் அடியில் அமுங்கிக் கிடக்கின்றன என்றே நான் உறுதியாக நம்புகிறேன். கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆய்வில் சலிப்புற்றிருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன், உணவகத்தில் ஒருவர் மேலே எறிந்த தட்டு தள்ளாடிச் சுழல்வதைக் கண்டு, எந்தப் பயனும் கருதாமல் அதன் அசைவைக் கணக்கிட்டு விளையாடினார். 1965இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த ஆய்வுக்கு அந்த விளையாட்டே வழிவிட்டது என்று பின்னாளில் அவரே கூறினார். நீங்களும் ஒரு குழந்தையுடன் தரையில் அமர்ந்து, அது நீட்டும் காலிக் கோப்பையை வாங்கி, சூடு ஆறும்வரை ஊதிக் குடித்துப் பாருங்கள். முதலில் கூச்சமாகத்தான் இருக்கும். அது விலகும்வரை எழுந்துவிடாதீர்கள்.