குண்டு விழும் நாட்டில் மரம் எதற்கு? (கடிதமும் பதிலும்)

ஐயா,

உக்ரைனின் சூழலியல் இயக்கங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். தினமும் சாவு விழும் நாட்டில் ஆறு, மரம், சூரியத் தகடு என்று பேசுவது வசதியுள்ளவர்களின் பேச்சாகத் தோன்றுகிறது. முதலில் உயிர், பிறகு வீடு, அப்புறம்தானே மரம்? 2023 டிசம்பர் வெள்ளத்தில் உடைந்த எங்கள் குளத்துக் கரையை மண்ணைக் கொட்டித்தான் அவசரமாக அடைத்தார்கள். யாரும் குறை சொல்லவில்லை.

வாசகர், சேரன்மகாதேவி

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் உயிர் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் உயிரையும் ஆற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக நீங்கள் வைக்கும் வரிசை அங்கே செல்லுபடியாகவில்லை. 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படை உக்ரைனின் தலைநகர் கீவை நெருங்கியபோது உக்ரைன் தரப்பு இர்பின் ஆற்றின் அணையை உடைத்தது. சோவியத் காலத்தில் தண்ணீரை வடித்து விளைநிலமாக்கிய பள்ளத்தாக்கு மீண்டும் சதுப்பானது. டாங்கிகளால் அதைக் கடக்க முடியவில்லை. டெமிடிவ் கிராமத்து வீடுகளுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. அவர்கள் பட்ட பாட்டையும் சேர்த்தேதான் இதைச் சொல்ல வேண்டும்.

கீவ் அருகே ஹோரென்காவில் ஒரு சிறு மருத்துவமனை குண்டுவீச்சில் சிதைந்தது. சூழல் அமைப்புகள் கைகொடுத்து அதைச் சீரமைத்தபோது கூரையில் சூரியத் தகடுகளும், கட்டடத்தைச் சூடாக்க வெப்ப பம்பும் வைத்தார்கள். 2022 அக்டோபரிலிருந்து மின்நிலையங்களைக் குறிவைத்து ஏவுகணைகள் வரும் நாடு அது. மின்சாரம் போன பனிக்கால நாளில் மருந்துக் குளிர்பெட்டி ஓடுவதும் ஓடாததும் அங்கே உயிர்ப் பிரச்சினை. இதை வசதியுள்ளவர்களின் பேச்சு என்று எப்படிச் சொல்வீர்கள்?

அடுத்தது, கூடங்குளத்தை வைத்துக்கொண்டிருக்கும் நம் மாவட்டத்தார் கட்டாயம் கவனிக்க வேண்டியது. 2023 ஜூன் 6 அன்று தெற்கு உக்ரைனில் தினீப்பர் ஆற்றின் ககோவ்கா அணை தகர்ந்தது. ஜபோரிஷியா அணுமின் நிலையத்தின் ஆறு உலைகளுக்கும் குளிர்விக்கும் நீர் அந்த நீர்த்தேக்கத்திலிருந்துதான் வந்தது. கூடங்குளத்தில் ஓடும் உலைகளும் அதே ரஷ்ய வகையைச் சேர்ந்தவை. நமக்குக் கடல் இருக்கிறது. அந்த நிலையத்திலோ கிணறு தோண்ட வேண்டியதாயிற்று. வற்றிய நீர்த்தேக்கத்தின் தரையில் இப்போது வில்லோ மரங்கள் அடர்ந்து முளைத்திருக்கின்றன. அணையை மறுபடியும் கட்ட வேண்டும் என்கிறது மின்துறை. பழைய வெள்ளச் சமவெளியைத் தழைக்க விடுங்கள் என்கிறார்கள் சூழலியலாளர்கள். பாசனமும் குடிநீரும் அந்த நீர்த்தேக்கத்தை நம்பியிருந்ததால் இது எளிய வழக்கு அல்ல. ஆனால் போர் முடியட்டும் என்று அவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. போர் தொடங்கி ஐந்து மாதம் ஆவதற்குள், 2022 ஜூலையில், சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் நாடுகள் கூடி மறுகட்டுமானத்தைப் பேசத் தொடங்கிவிட்டன. திட்டமும் பணமும் முடிவான பிறகு சொல்லும் யோசனையை யார் கேட்பார்கள்?

உங்கள் குளத்துக்கு வருகிறேன். அவசரத்துக்கு மண் கொட்டியது சரிதான். அதற்குப் பிறகு, மிகுதி நீர் வெளியேறும் மறுகாலை அகலப்படுத்தினார்களா? மறுகால் ஓடையின் ஆக்கிரமிப்பை எடுத்தார்களா? கரையில் பனை வைத்தார்களா? இல்லையென்றால், நிரந்தரச் சீரமைப்புக்கு மதிப்பீடு போடுவதற்கு முன்பே, அடுத்த கிராம சபையில் ஊர்க்காரர்கள் கையெழுத்தோடு எழுதிக் கொடுங்கள்.