விமானி வேலைகளில் எதைத் தேர்வது?

இராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளியில் 2009இல் தொடங்கிய கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத் தளத்திலிருந்து டோர்னியர் கண்காணிப்பு விமானங்கள் பறப்பதைப் பார்த்து வளர்ந்த உங்கள் தம்பிக்குக் கடற்படையா, பயணிகள் விமானமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயணிகள் விமானத்தில் ஊதியம் அதிகம். ஆனால் 200 மணி நேரம் பறந்து வணிக விமானி உரிமம் பெறும் செலவைக் குடும்பமே சுமக்க வேண்டும் என்பதாலும், உரிமம் கிடைத்தவுடன் வேலைக்கு உறுதி இல்லை என்பதாலும், நிலத்தை அடகு வைத்து அவரைப் பயிற்சியில் சேர்ப்பதற்கு நான் அஞ்சுகிறேன். தலைமை விமானியாவதற்கான உரிமத்துக்கு 1500 மணி நேரம் தேவை.

கடற்படையில் பயிற்சிச் செலவை அரசு ஏற்கிறது. பதிலுக்கு, பணிக்கால ஒப்பந்தமும், நினைத்தபோது விலக முடியாத கட்டுப்பாடும் உண்டு. மீனவர் காணாமற்போனால் தேடிப் பறக்கும் பணியின் மதிப்பை நம் கரையோர மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இவை தவிர வேறு வழிகளும் உண்டு. சரக்கு விமானத்தில் இரவுப் பணி மிகுதி. கடலிலுள்ள எண்ணெய்க் கிணறுகளுக்குச் செல்லும் ஹெலிகாப்டர் விமானிகளுக்குக் கடல் வானிலையே பெரிய சவால். பயிற்றுநர் பணியில் ஊதியம் குறைவாயினும் பறந்த நேரம் விரைவாகச் சேரும்.

கடற்படை அல்லாத வழி எதுவாயினும், பயிற்சிக்குப் பணம் கட்டும் முன், வணிக விமானிகளுக்கான ‘முதல் வகுப்பு’ மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். நிறப்பார்வைக் குறைபாடு பின்னர் தெரிந்தால் கட்டிய பணம் வீணாகிவிடும்.