அரைக்கண் ஆந்தை

அன்புள்ள அக்கா,

செப்டம்பரில் படிக்க டொராண்டோ வந்தேன். பேஸ்மென்ட் அறையில் தனியாக இருக்கிறேன். சென்ற வாரம் பெரும்பனி கொட்டிய மறுநாள் ஹை பார்க் பூங்காவுக்குப் போனேன். ஒரு மரப்பொந்தில் ஸ்க்ரீச் என்னும் சிறிய வகை ஆந்தை இருந்தது. கண்ணைத் திறக்கவே இல்லை. கைப்பேசியில் ஆந்தைக் குரலை ஒலிக்கவிட்டேன், நண்பன் மரத்தைத் தட்டினான். அப்போதும் அரைக்கண்தான். நல்ல படம் எடுக்க என்ன வழி? எந்த பைனாகுலர் வாங்கலாம்? இவ்வளவு பனியில் மற்ற பறவைகள் எங்கே போய்விடுகின்றன?

ம.

அன்புள்ள தம்பி,

எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் எதுவானாலும் போதும். பழையதே வாங்குங்கள், மிச்சப் பணத்தில் நல்ல பூட்ஸ் வாங்குங்கள். பல பறவைகள் தெற்கே போய்விடும், ஆனால் எல்லாம் போய்விடுவதில்லை. காற்றுப் படாத ஊசியிலை மரங்களுக்குள் தேடுங்கள். ஜன்கோ என்னும் சிறு பறவைகள் வடக்கிலிருந்து குளிர்காலத்தைக் கழிக்க நம் ஊருக்கு வந்தவை. அவற்றுக்கு இது தென்திசை.

ஆந்தைக்கு வருகிறேன். அது தூங்கவில்லை, தம்பி. ஆபத்தை உணர்ந்தால் ஸ்க்ரீச் ஆந்தை உடலை ஒடுக்கி, காதுக் கொம்புகளைத் தூக்கி, கண்ணை ஒரு கீற்றாகச் சுருக்கி மரப்பட்டை போலாகிவிடும். நீங்கள் அரைக்கண் என்று எழுதியிருப்பது அந்தக் கீற்றைத்தான். அந்த நேரம் முழுவதும் அது உங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. நீங்களோ அதன் வீட்டு வாசலில் இன்னோர் ஆந்தை வந்து உரிமை கேட்பது போல ஒலி எழுப்பியிருக்கிறீர்கள். என்ன உரிமையில் செய்தீர்கள்? படத்துக்காகவா?

இந்தக் குளிரில் ஒரு பறவையைக் கிளப்பிவிடுவது அதன் கையிருப்பைப் பிடுங்குவதாகும். சிக்கடி என்னும் குட்டிப் பறவையைப் பாருங்கள். சுமார் 11 கிராம். இரண்டு ஒரு டாலர் நாணயங்களின் எடைகூட இல்லை. டிசம்பரில் இங்கே பகல் ஒன்பது மணி நேரம். அதற்குள் தின்று சேர்த்த கொழுப்பை எரித்து, இரவெல்லாம் நடுங்கியே உடலைச் சூடாக வைத்திருக்கிறது. அதுவும் போதாமல் உடல் வெப்பத்தை வழக்கத்தைவிடப் பத்து டிகிரி வரை குறைத்துக்கொள்கிறது. விடியும்போது அதனிடம் மிச்சம் அதிகம் இருப்பதில்லை. பந்து போல் உப்பியிருப்பதைப் பார்த்து அழகு என்கிறோம். இறகுகளுக்கிடையே காற்றைச் சிறைப்பிடித்துக் குளிரைத் தடுக்கிறது, அவ்வளவுதான். ஆந்தைக்கும் இதே கணக்குதான். இரவில் வேட்டை கிடைக்காவிட்டால் பகல் முழுவதும் அசையாமல் இருந்து ஈடுகட்ட வேண்டும்.

இவ்வளவு கோபமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2022 ஜனவரி 17 பனிப்புயலில் பஸ்கள் தெருவிலேயே புதைந்து நின்றன. இரண்டு நாள் கழித்து முழங்கால் பனியில் அதே பூங்காவுக்குப் போனேன். கையில் ஊன்றுகோல் இருந்தது. ஆந்தை இருந்த ஒரு பொந்துக்குக் கீழே மரத்தை இரண்டு முறை தட்டினேன். ஆந்தை வெளியே பறந்து இலையற்ற மேப்பிள் கிளையில் உட்கார்ந்தது. ஆந்தையைக் கண்டால் கூடித் துரத்தும் நீல ஜே பறவை ஒன்று கத்தியது. சற்று நேரத்தில் ஏழெட்டு ஜேக்கள் சூழ்ந்துகொண்டன. அங்கிருந்து இன்னொரு மரம், பிறகு பூங்காவின் கிரனடியர் குளத்தின் பக்கம், பிறகு கண்ணுக்கு எட்டவில்லை. ஜேக்களின் கத்தல் மட்டும் நெடுநேரம் கேட்டது. அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் போன நாள்களில் பொந்து காலியாகவே இருந்தது. ஆந்தைகள் பொந்து மாற்றும்; வேறு மரத்தில் இருந்திருக்கலாம். மூன்று படங்கள் கிடைத்தன. மூன்றிலும் மஞ்சள் கண்கள் அகலத் திறந்திருக்கின்றன. யாருக்கும் காட்டியதில்லை.

தனியாக இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். ஞாயிறு காலை எட்டரை மணிக்கு ஹை பார்க் சுரங்க ரயில் நிலைய வாசலில் நிற்பேன். இரண்டு காலுறை போட்டுக்கொண்டு வாருங்கள். நண்பனையும் அழைத்து வாருங்கள். பிளாஸ்கில் தேநீர் கொண்டுவருகிறேன். அந்தப் பொந்து இருக்கும் மரத்தை மட்டும் எனக்குக் காட்ட வேண்டாம்.